பச்சை லாரியும் நான் பாதியாகக் கேட்ட துஆவும்

தொழுகையில் ஒரே கிப்லாவை நோக்கி நிற்கும் சகோதர சகோதரிகளுக்கு என் சலாம். இதை எழுதவேண்டும் என்று நினைத்தே ஆறேழு வருஷத்தை ஓட்டிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், லாரி ஓட்டுகிறவன், நம் எழுத்தை யார் படிப்பார்கள் என்ற கூச்சம். நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்து எழுதவேண்டுமே என்ற வெட்கம் வேறு. இனியும் தள்ளினால் அல்லாஹ் செய்த உபகாரத்தை மறைத்தவனாவேன். அதனால் எழுதுகிறேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், நோன்புப் பெருநாள் கழிந்த சித்திரை வெயில். என்னிடம் இருந்தது ஒரே லாரி. யுத்தம் முடிந்து ஏலத்தில் போன பட்டாள வண்டி. நானே முதலாளி, நானே டிரைவர். சித்தையன்கோட்டையிலிருந்து மதுரைக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும்போது ஆக்ஸில் உடைந்தது. இரண்டு நாள் ரோட்டோரம் கிடந்தேன். தார் அத்தனையும் வெந்து கறுத்துப்போனது.

ஆக்ஸிலை மாற்றிவிட்டேன். கெட்டுப்போன பேரை மாற்ற முடியவில்லை. லோடு தருகிற மண்டிக்காரர், புது லாரி வாங்கிக்கொண்டு வந்தால் மாசம் முழுக்க லோடு தருவதாகவும், இந்த வண்டிக்கு இனி ஒரு மூட்டைகூட இல்லை என்றும் சொல்லிவிட்டார். லாரி ஸ்டாண்டில் என் சிநேகிதன் ஒருவன் கேட்டான்: "ஏலே அப்பு, வெள்ளைக்காரனே வேணாம்னு போட்டுட்டுப் போன வண்டி. நீ எதுக்கு இன்னும் கட்டிக்கிட்டு அழுகுற?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். மூன்று வாரம் வண்டி அசையவில்லை.

மதுரைக்குப் போய்ப் புது லாரி பார்த்தேன். பளபளவென்று பச்சை நிறம். விலை என் கைக்கு எட்டாதது. தவணைக்குத் தருவார்கள், அதற்குப் பேகம்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கவேண்டும். அந்த வீடு என் மனைவி மைமூனுக்கு அவள் அத்தா, என் மாமனார், எழுதிவைத்தது. தவணையில் நம் மார்க்கம் விலக்கிய வட்டியும் உண்டு. வேறு பேரில் சொன்னார்கள். நானும் தெரியாதவன்போல் இருந்துவிட்டேன்.

அன்றே இஸ்திகாரா தொழுதேன். ஒரு காரியத்தில் இறங்கலாமா கூடாதா என்று அல்லாஹ்விடம் கேட்கிற தொழுகை அது. தொழுதுவிட்டுப் படுத்தால் கனவில் பச்சையோ வெள்ளையோ வரும், வந்தால் இறங்கலாம், சிவப்போ கறுப்போ வந்தால் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு. எனக்குப் பச்சை வந்தது. பச்சை லாரியே வந்தது. காலையில் மைமூனிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"பகலெல்லாம் பச்சை லாரியப் பாத்துட்டு வந்து படுத்தீக. கனவுல பச்சை வராம வேற என்னங்க வரும்?"

எனக்குக் கோபம். பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டாயா என்று கேட்டேன். அவள் மறுக்கவில்லை. வேண்டுதல்கள் இருக்கும் துஆ கிதாபை எடுத்துவந்தாள். எனக்கு இஸ்திகாராவில் ஓதுகிற துஆ அரபியில் மனப்பாடம், அர்த்தம் தெரியாது. அவளுக்கு, அரபி எழுத்தில் தமிழை எழுதுகிற அரபுத்தமிழ் வாசிக்கத் தெரியும். அடியில் இருந்த அர்த்தத்தைச் சத்தமாகப் படித்தாள். இந்தக் காரியம் நல்லதானால் எனக்கு இலேசாக்கு. கெட்டதானால் என்னைவிட்டு இதைத் திருப்பு, என்னையும் இதைவிட்டுத் திருப்பு, நல்லது எங்கே இருக்கிறதோ அதைத் தந்து என் மனசையும் பொருந்தச் செய். அதில் கனவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருப்பு என்று வாயால் கேட்டுக்கொண்டே, திருப்பினால் திரும்பமாட்டேன் என்று நின்றிருக்கிறேன்.

பிறகு அவள் நிதானமாக ஒன்று சொன்னாள். "அவரு லோடு தாரேன்னது வாயால. நாம வீட்டக் குடுக்குறது எழுத்தால. அவரையும் எழுதித் தரச் சொல்லுங்க. தந்தா நானே வந்து கையெழுத்துப் போடுறேன்."

இருவரும் மறுபடி தொழுதோம். இந்தத் தடவை அர்த்தம் தெரிந்து கேட்டேன். எந்தப் பக்கம் திறந்தாலும் அந்தப் பக்கம் போவேன், எது மூடினாலும் இடித்துத் திறக்கமாட்டேன் என்று உறுதி எடுத்தேன். மறுநாள் மண்டிக்குப் போய் எழுதித் தரக் கேட்டேன். மண்டிக்காரர் முகம் மாறியது. வியாபாரத்தில் யாராவது அப்படி எழுதித் தருவார்களா என்று கேட்டார். அந்த வழி என் கண்முன்னே மூடியது. பயமாக இருந்தது, ஆனால் மனசு தடுமாறவில்லை.

மூன்றாம் நாள், ஸ்டாண்டுக்குத் தொப்பம்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்தார். மற்ற லாரிகளைத் தாண்டி என் வண்டியின் முன்னால் நின்று சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க பாய், இது முன் சக்கரமும் இழுக்கிற வண்டிதானுங்களே? எங்க தோப்புக்குள்ள வருமுங்களா? புது வண்டிக்காரரெல்லாம் பெயிண்டு உரசிப்போகும்னு ரோட்டுலயே நின்னுக்கறாருங்க."

அல்ஹம்துலில்லாஹ், புகழெல்லாம் அவனுக்கே என்று சொல்லி வண்டியை எடுத்தேன். அதுவரை தோப்பிலிருந்து ரோடு வரைக்கும் மாட்டுவண்டியில் தேங்காய் சுமந்தவர்கள் அந்தத் தோப்புக்காரர்கள். மணலிலும் வாய்க்கால் கரையிலும் ஏறி இறங்க என் பட்டாள வண்டியே தோதாக இருந்தது. ஒரு தோப்பு நாலாச்சு, நாலு பத்தாச்சு. எந்த வண்டியைப் பார்த்து அழுதேனோ அதிலேயே என் ரிஸ்கை, எனக்கு அளந்த பிழைப்பை, வைத்திருந்தான் இறைவனாகிய ரப்பு.

புது லாரி வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. வாங்கி நன்றாக இருக்கிறவர்களும் உண்டு. அன்று நான் வாங்கியிருந்தால், லோடு இல்லாத மாசமும் தவணை வந்து நிற்கும். தூக்கத்தை விட்டு, தொழுகையை விட்டு, பாரத்துக்கு மேல் பாரம் ஏற்றி ஓடியிருப்பேன். இப்போது தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறேன். தோப்புக்காரர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். வீடு மைமூன் பேரிலேயே இருக்கிறது.

பெரிய காரியத்தில் இறங்க நினைக்கிற சகோதரர்களே, அல்லாஹ்விடம் கேளுங்கள். முழுசாகக் கேளுங்கள். திருப்பினால் திரும்பவும் தயாராகக் கேளுங்கள். அவன் கைவிடமாட்டான், நான் கண்டவன் சொல்கிறேன்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். பச்சைக் கனவு கண்டவனுக்குப் பரக்கத் வந்து பிழைப்பு பெருகியது என்று தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். மைமூன் சிரித்ததையும் விட்டுவிடாதீர்கள்.