இரவல் சாட்சி

நான் பொய்ச் சாட்சி சொன்னவன். கடவுளின் பெயரால் பொய் சொல்லி, ஊர் ஊராகச் சோறு தின்றவன்.

நீதிமன்றத்தில் அல்ல. சிறிய ஜெப வீடுகளில், பாட்டு முடிந்ததும், "யாராச்சும் சாட்சி சொல்லுங்க" என்பார்கள். கடவுள் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். எனக்கு அவர் எதையும் செய்ததாகத் தோன்றவில்லை... ஆனாலும் எழுந்தேன்!

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். போர்வெல் வண்டியில் பல மாநிலங்கள் சுற்றினேன். பெங்களூரில் கலவை சுமந்தேன். பென்னாகரம் பக்கம் புளி உலுக்கினேன். பசி பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: எந்த ஊரில் இறங்கினாலும், அன்றே அடுத்த ஊர் நினைவுக்கு வரும். எதிலும் எனக்கு மனம் நிறைந்ததில்லை.

போர்வெல் வண்டியில் என்னோடு ஒரு பெரியவர் இருந்தார். ஒரே மகனைப் புதைத்துவிட்டு வந்து, கையில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்தபோது, "ஆண்டவரே, நீர் போதும்" என்று தன் வாயில் வந்ததாம். அன்று வந்த நிறைவு பிறகு போகவே இல்லையாம். வேலைக்கு நடுவே, எண்ணெய்க் கையைத் துடைத்தபடி சொன்னார்.

அதைத்தான் திருடினேன். அவர் மகனை என் மகனாக்கினேன். எனக்குத் திருமணமே ஆகவில்லை!

கம்பைநல்லூரில் நான் சாட்சி சொன்ன நாளில், கூட்டத்தில் இருந்த ராணியக்கா தேம்பி அழுதார். வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். அவர் கணவர் மாதையன் புளியமரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலில் கிடந்தார். அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து, கூலிக்குப் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சாட்சிக்காரரே, உங்க சாமி முதுகெலும்பு ஒட்டுவாரான்னு கேட்டுச் சொல்லுங்க. இல்லாட்டி இவ வாயையாச்சும் ஒட்டச் சொல்லுங்க" என்றார் மாதையன்.

"நீ சும்மா கெட. தம்பி, உன் பையன் பேரு இன்னா? ஜெபத்துல சொல்லோணும்."

"சாமுவேல்ங்க" என்றேன். வாயில் வந்த பெயர். அக்கா இன்னொரு கரண்டி சோறு வைத்தார். தின்றேன்.

ஆறு ஆண்டுகள் கழித்து, போன மாதம் அந்த வழியாகப் போனேன். கட்டில் இல்லை. மாதையன் இறந்து இரண்டு ஆண்டுகளாம். அக்கா அதே இடத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தார். முகம் மெலிந்திருந்தது. ஆனால் எந்த ஊரிலும் நான் காணாத ஓர் அமைதி அதில் இருந்தது.

"புள்ளயப் பறிகொடுத்த நீயே போதும்னு சொன்னியே, எனக்கு மட்டும் போதாதான்னு கேட்டுக்கிட்டேன். மொதல்ல வெறும் வாயாலதான் சொன்னேன். அப்புறம் நெசமாவே போதும்னு ஆயிடுச்சு. அவரு போன அன்னிக்கு அழுதேன்தான்... ஆனா அந்த நெறவு போவல. சாமுவேலு அப்பனப் பத்திரமா வெச்சுக்கன்னு தெனமும் கேக்கறேன், கண்ணு."

உண்மையைச் சொன்னால் அவருடைய நிறைவு உடைந்துவிடுமோ? சொல்லாவிட்டால், இல்லாத பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னும் எத்தனை நாள் ஜெபிப்பார்?

"அக்கா, எனக்குப் புள்ளையே இல்லீங்க. அது வேற ஒருத்தர் கத."

இதைச் சொன்னதற்காக என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய அந்த நிறைவு உடைய வேண்டும் என்று மனதின் ஒரு மூலையில் விரும்பினேன். உடைந்தால், அப்படி ஒன்று யாருக்குமே இல்லை என்று நிம்மதியாகச் சுற்றலாமே!

அக்காவின் கை நின்றது. கண் கலங்கியது.

"இல்லாத புள்ளைக்கா இத்தன அழுவ அழுதேன்... நல்லா ஏமாத்துன போ."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப உனக்கு அது இன்னும் கெடைக்கலியா, கண்ணு?"

அவருக்குள் எதுவும் உடையவில்லை! என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்... அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

"உக்காரு. ரெண்டு பேருமா சாமிகிட்டக் கேக்கலாம்" என்று, கொட்டைகளை ஒதுக்கி இடம் செய்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கக்கா" என்றேன்.

எனக்கு எந்தப் பஸ்ஸும் இல்லை. போக ஓர் ஊரும் இல்லை. சாலையில் முதலில் வந்ததில் ஏறினேன். உட்கார்ந்து கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ? கிடைத்துவிடுமே என்றுதான் ஓடினேனோ? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை...

பஸ் அரூரில் நின்றது. இறங்கினேன். அடுத்தது எங்கே போகிறது என்று விசாரித்தேன்.