ஹெவி செயின், லைட் செயின்

என் மனைவி தாலிச் செயினை மாற்றப் போகிறாள், கூடவே என்னையும் மாற்றப் போகிறாள் என்று சில நாள் முழுசாக நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது சோறு இறங்கவில்லை.

தொண்ணூறுகளில் கிள்ளானில் குடியிருந்தோம். அவள் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். நோய்க்கிருமி பற்றி ஏதோ ஆராய்ச்சி என்பது வரைதான் எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியோடு அவள் போனில் பேசியது சமையலறை வரை கேட்டது.

“ஹெவி செயின் அப்படியே இருக்கட்டும்லா. லைட் செயின மட்டும் மாத்துவோம். இப்ப இருக்கிற ஜோடி சரியில்ல. வேற ஜோடிதான் தேடிட்டிருக்கேன்.”

என் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் முழுகிப்போனது.

மறுநாளே திருந்தினேன். பாத்திரம் கழுவினேன். ரயிலேறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு வரை போய் மல்லிகைச் சரம் வாங்கி வந்தேன். ஜோக் அடிப்பதை அடியோடு நிறுத்தினேன். அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

“என்னங்க, உடம்பு சரியில்லையா? கிளினிக் போலாமா?”

“எந்த ஜோடி சரியில்லன்னு நேரா சொல்லிடு. நான் தாங்கிக்குவேன்,” என்றேன். குரல் தாங்கவில்லை.

விஷயம் புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகும் அது நிற்கவில்லை.

என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிள்ளுவது போலச் சேர்த்துப் பிடித்தாள். “ஆன்டிபாடி கிருமிய இப்படித்தாங்க பிடிக்கும். இந்த விரல் ஹெவி செயின், இது லைட் செயின். ரெண்டுமே புரோட்டீன். ஒண்ண வச்சுக்கிட்டு இன்னொண்ண மாத்தி மாத்திச் சேர்த்தா, இன்னும் இறுக்கமாப் பிடிக்கிற புது ஆன்டிபாடி கிடைக்குதான்னு பாக்குறோம். மாசக்கணக்கா பாக்குறோம். ஒண்ணும் வரல.”

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“தோத்துப் போறத தினம் வந்து என்னன்னு சொல்றது?”

“தினம் சொல்லு. தோக்குறதுல எனக்கு நல்ல அனுபவம்லா.”

அதன்பின் தினமும் சொன்னாள். பாதி புரியாமலே எல்லாவற்றையும் கேட்டேன்.

சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம் என் ஆபீசுக்குப் போன் வந்தது. புது லைட் செயின் ஒன்று பொருந்திவிட்டதாம். சோதனைத் தட்டின் குழியில் முன்பைவிட அடர்த்தியாக மஞ்சள் நிறம் வந்திருக்கிறதாம்; நிறம் அடர்ந்தால் பிடி இறுகியிருக்கிறது என்று அர்த்தமாம். பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை என்றாள். முதல் போன் எனக்குத்தான்.