கம்பெனிக் கதவு

எங்கள் தெருவில் கதவுகளுக்கு ஆயுசு குறைந்த வீடு டோரின் ஹெப்வொர்த்தின் வீடுதான். என் வீடும் அவள் வீடும் ஒட்டு வீடு, நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக நான் கேட்காத அடி இல்லை. முதலில் புருஷன் ராய் அடித்தான். அவன் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கம் மூடியபின் இன்னும் நன்றாக அடித்தான். குதிரைப் பந்தயம் கட்டும் கடை வாசலில் அவன் மாரடைத்து விழுந்தபோது, அப்பாடா, ஒழிந்தான் என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன வாயை மூடுவதற்குள் மகன் ஷேன் அந்த வேலையை எடுத்துக்கொண்டான்.

டோரின் எங்கள் பார்ன்ஸ்லி ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். உருளைக்கிழங்கு மூட்டையை ஒரே மூச்சில் தூக்கி மேடையில் போடுவாள். அப்படிப்பட்டவள், மகன் வரும் சத்தம் கேட்டால் பாதியாகிவிடுவாள். அவன் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தான். குடிக்கக் காசில்லாத நாளெல்லாம் வருவான். இவள் காசு இல்லை என்று சொன்னால் சமையலறைக் கதவு போகும், குளியலறைக் கதவு போகும், அப்புறம் இவள் முகம் போகும். தள்ளுபடி விலைக் கடையில் கிடைத்த கதவை வாங்கி வந்து மாட்டுவாள். அந்த வீட்டில் ஒரு கதவு மாதிரி இன்னொரு கதவு இருக்காது. சுவரில் அவன் முஷ்டி போட்ட ஓட்டைகளை அவளே அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசிவிடுவாள்.

நான் போலீஸைக் கூப்பிடாமலா இருந்தேன்? எத்தனையோ தடவை. அவர்கள் வருவார்கள். அந்தத் தடியன் ஷேன் மேஜையில் உட்கார்ந்து அவள் பொரித்த சிப்ஸைத் தின்றுகொண்டிருப்பான். இவள் உதடு கிழிந்து நிற்பாள். "நான்தாங்க ஏணியிலருந்து விழுந்துட்டேன்" என்பாள்.

"உன் வீட்ல ஏணியே கிடையாதேடி!" என்று ஒரு நாள் கத்தினேன்.

"பெத்தவ வாயாலயே பிள்ளைய ஜெயிலுக்கு அனுப்பச் சொல்றியா, ஜாய்ஸ்?"

கோபத்தில் என் வீட்டுக் கதவை நானே அறைந்து சாத்தினேன்.

போன வருஷம் அவள் பேங்க் கார்டுக்காக மணிக்கட்டை முறுக்கினான். எலும்பு உடைந்த சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. மாவுக்கட்டோடு என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். "நான் போயிடறேன். அவனுக்குத் தெரியாம போகணும். தெரிஞ்சா கொன்னுடுவான்."

எப்படிப் போவது? வீட்டை விற்பதென்றால் வாசலில் பலகை நடுவார்கள், கண்டவனெல்லாம் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பான், மாசக்கணக்கில் இழுக்கும். ஷேன் கண்ணில் படாமல் இருக்குமா? அப்போதுதான் புது வீடுகள் கட்டும் ஒரு கம்பெனிக்கு அவளைக் காரில் கூட்டிப்போனேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

அங்கே கெய்லி என்று ஒரு பெண். "உங்க பழைய வீட்டை நாங்களே எடுத்துக்கறோம்மா. புது வீட்டு விலையில கழிச்சுக்கலாம். வெளியாள் யாரும் வந்து பார்க்க வேண்டியதில்ல. புது வீட்டுச் சாவி வாங்கற அன்னிக்கே பழைய வீடு எங்களுக்கு வந்துடும். ஆனா சாமான் மாத்த ரெண்டு வாரம் அதுலயே இருந்துக்கலாம்."

டோரின் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வாசல்ல பலகை வைப்பீங்களா?"

"நீங்க காலி பண்ற வரைக்கும் வைக்க மாட்டோம்."

வெளியே விற்றால் கிடைப்பதைவிடக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். குறைத்தால் குறைத்துவிட்டுப் போகிறார்கள். உயிரைவிடவா?

கம்பெனியிலிருந்து வீட்டுக்கு மதிப்புப் போட வந்த ஆள் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தான். "உள்ள எல்லாமே புதுக் கதவா இருக்கே! நல்லா பராமரிக்கிறீங்க."

"ஆமாங்க, அடிக்கடி மாத்துவோம்" என்றாள் டோரின், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். எனக்குக் குடித்த டீ மூக்கில் ஏறியது.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அவன் பார்த்தபடியே வீட்டை ஒப்படைக்க வேண்டும். அதன்பின் அவள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஷேன் சுவரைக் குத்தக் கையை ஓங்கினால், நடுவில் போய்த் தன் தோளைக் கொடுத்தாள். கதவை உதைக்கக் காலைத் தூக்கினால், கதவின் முன்னால் போய் நின்றாள். சுவருக்குக் கீறல் இல்லை. அவள் உடம்பெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை புது வீட்டுச் சாவி கைக்கு வந்தது. கட்டிப் பிடித்து இரண்டு பேரும் அழுதோம். கெய்லி சொன்னதற்கு மாறாக, திங்கட்கிழமை மதியமே கம்பெனிப் பயல் ஒருவன் வேனில் வந்து, அவள் வாசலில் மரக்கம்பத்தோடு பெரிய பலகையை நட்டுவிட்டுப் போய்விட்டான். இந்த வீட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, விற்பனைக்கு உண்டு, அழையுங்கள் என்று மஞ்சள் எழுத்து, கீழே நம்பர். நான் ஓடிப்போய்ப் பிடுங்கப் பார்த்தேன். அசையவில்லை. அதற்குள் பஸ் ஒன்று கடந்து போனது. பாழாய்ப் போன நேரம், ஷேன் அதில் இருந்தான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடி வந்து, அவன் ஒரே இழுப்பில் பலகையைப் பிடுங்கினான். கம்பத்தாலேயே முன் ஜன்னலை நொறுக்கினான். டோரின் உள்ளே தாழ் போட்டிருந்தாள். கதவைக் கம்பத்தால் இடித்து, இடித்து, நடுவில் பிளந்து உள்ளே போனான். "எனக்குச் சொல்லாம வித்துட்டியா? என் வீட்டை வித்துட்டியா?" அவள் தலைமுடியைப் பிடித்துக் கண்ணாடிச் சில்லுகள்மேல் வாசல்வரை இழுத்து வந்தான். நான் போலீஸுக்குப் போன் போட்டுவிட்டு, இரும்பு வாணலியோடு போய் அவன் முதுகில் என் பலம் கொண்ட மட்டும் போட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான், நாசமாய்ப் போகிறவன். அவள் விலாவில் இன்னொரு உதை விட்டான்.

நல்லவேளை, போலீஸ் வண்டி பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. இரண்டு பேர் அவனைத் தரையில் அழுத்தி விலங்கு மாட்டினார்கள். பெண் போலீஸ் டோரினைத் தூக்கி உட்காரவைத்தாள். "யாரும்மா உங்கள அடிச்சது?"

"விழுந்துட்டேன்" என்றாள் டோரின்.

எனக்கு வாணலியை அவள் தலையிலேயே போடலாம் போலிருந்தது.

"கதவு? ஜன்னல்? அதுக்காவது புகார் குடுப்பீங்களா?" என்றாள் பெண் போலீஸ்.

ஷேன் தரையில் கிடந்தபடியே இளித்தான். "அதெல்லாம் குடுக்காது. சொல்லும்மா."

டோரின் கதவைப் பார்த்தாள். வாயில் வந்த ரத்தத்தைக் கையால் துடைத்தாள். "அது என் கதவில்லீங்க."

"என்னம்மா சொல்றே?" என்றான் ஷேன்.

"வெள்ளிக்கிழமையோட இந்த வீடு கம்பெனிக்குப் போயிடுச்சுடா. கதவு அவங்களுது. அவங்களைத்தான் கேக்கணும்." பிறகு அவன் கீழே போட்ட பலகையைக் காட்டினாள். "நம்பர் அதுலயே இருக்கு."

பெண் போலீஸ் அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் பேசினாள். கம்பெனி என்ன பத்து மாசம் சுமந்ததா? கதவுக்கும், ஜன்னலுக்கும், பலகைக்கும் சேர்த்து உடனே புகார் கொடுத்தது.

"அம்மா! உன் வீடுன்னு சொல்லும்மா! சொல்லித் தொலையேன்!" வண்டியில் ஏற்றும்வரை கத்தினான். கடைசியில் குரல் உடைந்து சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தான்.

டோரின் விலாவைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய் அவனுடைய பழைய கோட்டை எடுத்து வந்தாள். "உள்ள குளுரும், இதைப் போட்டு விடலாங்களா?" என்று போலீஸிடம் கேட்டாள். விலங்கு மாட்டிய கைகளுக்கு மேலே தோளில் போர்த்தினாள். பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டாள்.

"எங்கம்மா போறே?" என்று கேட்டான் ஷேன். "புது வீடு எங்க? அட்ரஸ் சொல்லும்மா. நான் வந்துடறேன்."

காலரைச் சரிசெய்துவிட்டாள். பின்னால் நகர்ந்து நின்றாள்.