இடப்பக்கம் இரண்டு பாக்கெட்

வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் மேடம் என்பார்கள். வீட்டில் அவள் பெயர் கத்திரி. கல்யாணமான புதிதில் நாத்தனார் ஆசையாக வாங்கிக் கொடுத்த படுக்கை விரிப்பை ஒருநாள்கூட விரிக்காமல், சோபாவுக்கு உறை தைக்கிறேன் பேர்வழி என்று வெட்டிவிட்டாள். சோபாவுக்கு உறை பத்தவில்லை. கட்டிலுக்கு விரிப்பும் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு நாத்தனார் வாய்விட்டுச் சொன்ன சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் அதைக் கழற்றிப் போட முயற்சி செய்யவில்லை. பெற்றோர் வைத்த பெயரைவிட இது பொருத்தமாக இருக்கிறது என்பது அவள் அபிப்பிராயம்.

கடையில் அவளுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை. வந்தவரை எதிரே உட்கார வைத்து, சின்ன ஸ்கேலை மூக்குத் தண்டின் மேல் பிடித்து, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளப்பாள். அது ஒரு மயிரிழை பிசகினாலும் கண்ணாடி போடுகிறவருக்குத் தலை சுற்றும். அவள் அளந்து யாருக்கும் தலை சுற்றியதில்லை. ஆனால் அதே ஆள் வீட்டுக்கு வந்து கத்திரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டால், டேப் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோகும். பெற்ற பிள்ளைகளுக்கு அளவெடுக்கவா வேண்டும், கண்ணளவு போதாதா என்பாள். அந்தக் கண்ணளவில் மூத்தவளுக்குத் தைத்த கவுனில் தலை நுழைந்தால் கை நுழையாது. சின்னவளுக்குத் தைத்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்கலாம், நடக்கலாம், உட்காரத்தான் முடியாது. அந்தப் பேண்ட்டின் முட்டியில் முயல் என்று ஒன்றை ஒட்டித் தைத்திருந்தாள். பார்த்தவர்களெல்லாம் அதைக் கழுதை என்றார்கள்.

தனக்குத் தையல் வராது என்பது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. கூட வேலை பார்ப்பவர்களிடம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தன் கதையைத் தானே எடுத்துவிடுவாள். "நான் தைக்கிறதுல சரியா பொருந்தறது ஊசிக்கு நூல் ஒண்ணுதான். அதையும் சின்னவதான் கோத்துக் குடுப்பா" என்று அவள் சொல்லும்போது அவர்களுக்குப் புரையேறும்.

பிறகு ஏன் விடவில்லை என்றால், அந்தப் பழைய சாமான் கடைதான் காரணம். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் படியிறங்கிப் போக வேண்டிய தாழ்ந்த கூடம். உள்ளே போனாலே பழைய அலமாரியைத் திறந்த வாசனை வரும். யார் யாரோ வேண்டாம் என்று கழித்த மேஜை விரிப்புகள், ஓட்டல் திரைச்சீலைகள், பிஸ்கட் டப்பா நிறையப் பித்தளைப் பொத்தான்கள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அவள் கால் தானாக அந்தப் படியிறங்கிவிடும். கையில் துணியைத் தடவிப் பார்த்த அந்த நிமிஷத்தில் அவள் மனசுக்குள் அது பாதி தைத்து முடிந்திருக்கும், சரியாகவும் இருக்கும். வீட்டுக்கு வந்தபின்தான் எல்லாம் கெட்டுப்போகும்.

தையல் மெஷினும் அந்தக் கடையில் கிடைத்ததுதான். அதற்கென்று தனி இடம் இல்லாததால் சாப்பாட்டு மேஜையின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டில் நூல் வந்தால் யாரும் எதுவும் சொல்லாமல் எடுத்துத் தட்டோரம் வைத்துவிடப் பழகியிருந்தார்கள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வருகிறவர் என்பதாலோ என்னவோ, தரையில் நடக்கும் எதற்கும் அசைந்து கொடுக்க மாட்டார்.

ஒரு சனிக்கிழமை, கம்பியில் வரிசையாகத் தொங்கிய உடுப்புகளுக்கு நடுவில் அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். சிறுமிகள் போடுகிற கோட்டு. காப்பிக்கொட்டை நிறம், கனமான துணி, கறுப்புப் பொத்தான்கள். தோளில் கை உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து அவளுக்குப் பெருமூச்சு வந்தது. எல்லாவற்றையும்விட அவளைக் கட்டிப்போட்டது பாக்கெட். கோட்டு என்றால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்றுதானே வைப்பார்கள்? இதில் இரண்டும் இடப்பக்கமே, ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. எப்பேர்ப்பட்ட கற்பனை என்று வியந்துபோனாள். கடைக்காரம்மாவிடம் கோட்டைத் தூக்கிக் காட்டி, அந்தக் காலத்துக் கைவேலை என்றால் இதுதான், இப்போதெல்லாம் யாருக்கு இந்தப் பொறுமை இருக்கிறது என்று ஒரு பிரசங்கமே செய்தாள். கடைக்காரம்மா கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, பிறகு பேசாமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கோட்டை விரித்துக் காட்டினாள். மூத்தவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, படிக்க வேண்டும் என்று உள்ளே போனாள். சொன்னாலும் படிக்காத பெண்ணுக்கு இதென்ன புது அக்கறை என்று கத்திரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த வெட்டை அப்படியே காப்பியடித்து மூத்தவளுக்கு ஒன்று தைத்துவிட வேண்டும் என்ற வேகத்தில், உள்ளே எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க மேல் பாக்கெட்டின் தையலைப் பிரித்தாள். பாக்கெட்டுக்கு உள்துணியாக, சாயம் ஏறி மங்கிப்போன நீலக் கோடு போட்ட சட்டைத் துணி இருந்தது. எங்கேயோ பார்த்தமாதிரி இருக்கிறதே என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"இது என் சட்டை" என்றார்.

அவருக்குப் பிடித்த சட்டை அது. காணாமல் போனபோது சலவைக்குப் போட்ட இடத்தில் தொலைத்துவிட்டார்கள் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அவரும் நம்பிச் சலவைக் கடையை மாற்றியிருந்தார். இப்போது விரலால் அந்தத் துணியை மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டுப் பேப்பரை மறுபடி எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அதன்பின் எல்லாம் ஞாபகம் வந்தது. ஓட்டலில் கழித்த மஞ்சள் திரைச்சீலை. மூத்தவளுக்கென்று அவள் ஒரே மூச்சில் தைத்த கோட்டு. வலப்பக்கத்துக்கென்று எடுத்து வைத்த பாக்கெட்டை யாரோடோ பேசிக்கொண்டே இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, கவனித்தபோது பிரிக்கச் சோம்பல்பட்டு விட்டதும் நினைவுக்கு வந்தது. தைத்து முடித்தால் அந்தத் துணியை மறந்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவது அவள் குணம். யாரோ மஞ்சளைக் காப்பி நிறத்தில் முக்கி, பொத்தானை மாற்றி, கையைப் பிரித்து ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் முன்பு அவள் கடையில் நின்று புகழ்ந்தது தன்னைத்தான். சரியாகச் சொன்னால், தன் தப்பைத்தான்.

மூத்தவளைக் கூப்பிட்டாள். அவள் கதவோரம் வந்து நின்றாள்.

"எப்போ கடையில குடுத்தே?"

"தெச்ச அடுத்த மாசம்."

"தினமும் போட்டுட்டுதானே ஸ்கூலுக்குப் போனே?"

"தெருமுனை வரைக்கும்தான்மா. அப்புறம் பையில வெச்சுக்குவேன்." மூத்தவள் குரல் இறங்கியது. "மொத நாளே எல்லாரும் கேட்டாங்க, உங்க வீட்டு ஜன்னலுக்கு என்ன போட்டிருக்கீங்கன்னு."

வேறு என்னென்ன போயிற்று என்று கேட்டதற்குச் சின்னவள் முந்திக்கொண்டாள். "என் முயல் பேண்ட் மட்டும் போகல. அக்கா கொண்டுபோய்க் குடுத்தா. கடைக்காரம்மா வேணாம்னுட்டாங்க."

கத்திரிக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. சட்டை விஷயம் அம்பலமான அதே மேஜையில் உட்கார்ந்துகொண்டு யாரைக் கோபித்துக்கொள்வது? சிரித்து வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய், அழுகை வருமா என்று பாத்திரம் கழுவிக்கொண்டே காத்திருந்தாள். கொஞ்சம் வந்தது. தன் தையலுக்காக வந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு காலையும் அம்மா முகம் வாடக்கூடாது என்று தெருமுனை வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு போயிருக்கிறாளே என்பதற்காக வந்தது.

கை துடைத்துவிட்டு வந்து கோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாள். இப்போதுதான் முழங்கை கண்ணில் பட்டது. இரண்டு முழங்கையும் இழை தெரியத் தேய்ந்திருந்தன. கையோரம் நைந்திருந்தது. பாக்கெட்டின் வாய் கையை விட்டுவிட்டு எடுத்ததில் தொளதொளத்துப் போயிருந்தது. தன் மகள் தெருமுனை தாண்டிப் போடாத கோட்டை யாரோ ஒரு சிறுமி விடாமல் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

மறுநாளே கடைக்காரம்மாவிடம் போய் விசாரித்தாள். பெயரெல்லாம் தெரியாது, ஒரு அம்மாவும் பெண்ணும் வருவார்கள் என்றாள் கடைக்காரம்மா. அந்தப் பெண் கோட்டைக் கழற்றவே மாட்டேன் என்று அடம் பிடிப்பாளாம். வளர்ந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இதேமாதிரி பெரிய அளவில் வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். கத்திரி நெஞ்சு விரிந்து, அதைத் தைத்த ஆள் இதோ நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கடைக்காரம்மா அந்த அம்மா சொன்ன மீதியையும் சொல்லிவிட்டாள். துணி அருமையான துணி, தைத்தவர் யாரோ குடிபோதையில் தைத்திருக்க வேண்டும் என்றாளாம். கத்திரி எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

ஆனாலும் துணி வாங்கிக்கொண்டுதான் வந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிப் போர்வை. இந்தத் தடவை டேப்பைத் தேடி எடுத்தாள். அது எங்கே இருக்கிறது என்று சின்னவளுக்குத்தான் தெரிந்திருந்தது. யாருக்கு இது என்று மூத்தவள் கேட்டாள். முகம் தெரியாத பெண்ணுக்கு என்றாள் கத்திரி.

"என் வயசு இருக்குமா?"

"கொஞ்சம் சின்னவளா இருப்பா."

"அப்ப அளவுக்கு நான் நிக்கறேன். ஆனா போட்டுக்க மாட்டேன்."

போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்றதும் அந்தப் பெண்ணுக்கு வந்த பொறுமையைச் சொல்லி முடியாது. கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள், திரும்பச் சொன்னால் திரும்பினாள். பாக்கெட் வைக்கும்போது, அம்மா, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பக்கத்திலேயே நின்று காவல் காத்தாள். கத்திரி வாழ்நாளில் முதல் தடவையாகப் பிரித்துத் தைத்தாள், அதையும் மறுபடி பிரித்துத் தைத்தாள். முடிந்தபோது கோட்டு கோட்டு மாதிரியே இருந்தது. இடது கை மட்டும் எவ்வளவு கெஞ்சியும் முறுக்கிக்கொண்டே நின்றது.

கடையில் அதைத் தொங்கவிட்டுவிட்டு, அவளும் மூத்தவளும் சனிக்கிழமைதோறும் போய்ப் பழைய சாமானைப் பார்ப்பதுபோல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் உயரமான ஒரு அம்மாவும், கூடவே துறுதுறுவென்று ஒரு பெண்ணும் படியிறங்கி வந்தார்கள். கடைக்காரம்மா கண்ணைக் காட்டினாள். அந்தப் பெண் நேராகப் போய்க் கோட்டை எடுத்து, போட்டிருந்த உடுப்புக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். அந்த அம்மா கோட்டின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். பார்த்ததுமே சிரித்துவிட்டாள். "அதே ஆளுதான்" என்றாள். பிறகு பக்கத்தில் நின்ற கத்திரியிடம், கண்ணாடி போட்டிருக்கிறீர்களே, இந்தக் கை சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள் என்று கேட்டாள்.

கத்திரி ஸ்கேலால் அளக்கும் முகத்தோடு குனிந்து பார்த்தாள். "இடது கை முறுக்கியிருக்குங்க. பிரிச்சுதான் வைக்கணும்" என்றாள், யாரோ தைத்ததைப் பற்றிச் சொல்வதுபோல.

"பரவால்ல, இவங்க தையல் எனக்குப் பழகிடுச்சு" என்றாள் அந்த அம்மா.

அப்போது மூத்தவள் வாயைத் திறந்தாள். "இவங்கதான் தெச்சாங்க. எங்க அம்மா."

கத்திரிக்குக் காது சூடேறியது. வெளியே ஓடிவிடலாமா என்று படியைப் பார்த்தாள். அந்த அம்மாவுக்கும் சங்கடம்தான். குடிபோதை என்று சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சமாளித்துக்கொண்டு, வெகுநாளாகக் கேட்க நினைத்த ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தாள். பழைய கோட்டில் பாக்கெட் இரண்டும் ஒரே பக்கம் இருந்ததே, அது டிசைனா?

டிசைன்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மூத்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. தப்பு."

"எனக்குத் தெரியும்" என்று அந்தத் துறுதுறுப் பெண் குறுக்கே வந்தாள். "ஆனா ஒரு கையிலயே எல்லாம் எடுத்துக்கலாம். இந்தக் கை சும்மா இருக்கும்." அந்தச் சும்மா இருக்கும் கையை ஆட்டிக் காண்பித்தாள். மூத்தவள் சிரித்தாள்.

அந்த அம்மா கோட்டுக்குக் கை வைக்கத் தெரிந்தவள், பழைய கோட்டைச் சரிசெய்ததும் அவள்தான். அடுத்த வாரமே கத்திரி வீட்டு மேஜையில் உட்கார்ந்து, இடது கையைப் பிரித்து எப்படி வைப்பது என்று செய்து காட்டினாள். கத்திரி கூர்ந்து கவனித்தாள். எல்லாம் புரிந்தது என்றாள். தானாகச் செய்தபோது வலது கையும் முறுக்கிக்கொண்டது. இப்போது வெட்டுவது கத்திரி, கை வைப்பது அந்த அம்மா என்று ஏற்பாடாகியிருக்கிறது. போடுவதற்கு அந்தத் துறுதுறுப் பெண்ணும், வேறு வழியில்லாமல் சின்னவளும் இருக்கிறார்கள்.

மூத்தவள் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கிக்கொள்கிறாள். அம்மா தொடக்கூடாது என்பது பேச்சு. போன வாரம் மட்டும் ஒரு பாவாடையை எடுத்துவந்து, இடுப்பு எலாஸ்டிக்கை மாற்றித் தர முடியுமா, வேறு எதுவும் செய்யக்கூடாது என்று கேட்டாள். கத்திரி வேறு எதுவும் செய்யாமல் மாற்றிக் கொடுத்தாள். மூத்தவள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டு, அதைப் போட்டுக்கொண்டே வீடு திரும்பினாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்க வருகிறவர்களிடம்கூட கத்திரி இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.