நாற்பத்தெட்டுச் சீட்டுகளும் ஒரு மீனவர் காலும்

எதிர்காலம் சொல்லும் சீட்டுக்கட்டு ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்த்துச் சான்றளிப்பதும் ஒரு தொழில்தான். அதை ஒரு மாதம் செய்தவள் நான். பணி ஓய்வு பெற்றவரைக் கண்டால் ஊராருக்கு ஏதேனும் ஒரு வேலை நினைவுக்கு வந்துவிடும் என்பதை, "சும்மாத்தானே இருக்கீங்க" என்ற சொல்லுக்கு ஆட்பட்ட அன்பர்கள் அறிவீர்கள். உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. என் மதிப்பீட்டை நம்பி ஒரு மீனவர் தம் காலையே இழக்க இருந்தார். சிரிப்பு வரும் இடங்களில் நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் தலைகுனிந்தபடியே சொல்லி முடிக்கிறேன்.

அக்காளும் தங்கையும்

முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் படித்த எமிலி, இப்போது கடற்கரையை ஒட்டிய தெருவொன்றில் ஊதுவத்தியும் தியான மணியும் விற்கும் கடை வைத்திருக்கிறாள். வெளிநாட்டார் விரும்பி வாங்கும் ஆருடச் சீட்டுகளைப் பார்த்து, தமிழிலும் ஒரு கட்டு எழுதிவிட்டாள். நாற்பத்தெட்டுச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு சொல், கீழே பலன். கேட்பவர் தம் கேள்வியை மனத்துக்குள் நினைத்துக்கொண்டு, தம் கையாலேயே ஒரு சீட்டை உருவ வேண்டும். கேள்வியை வெளியே சொல்ல வேண்டியதில்லை. அச்சுக்குப் போகுமுன் நான் மொழியைத் திருத்தி, நெல்லித்தோப்பில் என் அக்கம்பக்கத்தாரிடம் சோதித்து, சீட்டுக்குச் சீட்டு மதிப்பெண் போட்டுத் தர வேண்டுமாம்.

எங்கள் வழிபாட்டுக் குழுவில், வழி தெரியாமல் திகைக்கும்போது பதிகச் சுவடியில் கயிறு சார்த்திப் பார்ப்போம். கயிறு விழுந்த ஏட்டின் பாடலே விடை. அதற்கு நீராடி, உண்ணாதிருந்து, கேட்பதைச் சபையறிய வாய்விட்டுச் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும். அதையும் இதையும் ஒன்றாக்கலாமா என்று தயங்கினேன். எமிலி விடவில்லை: "கயிறு சாத்துறது அக்கான்னா, இது தங்கச்சி டீச்சர். தங்கச்சிய மட்டும் வீட்டுக்குள்ள விடமாட்டீங்களா?"

சொல்தாவின் பயணம்

முதலில் அகப்பட்டவர் எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராதலால் தெருவே அவரைச் சொல்தா என்றுதான் அழைக்கும். அவர் உருவியது 'பயணம்'. நெடுந்தொலைவு செல்லும் காலம் கனிந்தது என்பது பலன். பாரீசில் மகன் வீட்டில் இருந்துவிட்டு அவர் ஊர் திரும்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. 'பொருந்தவில்லை' என்று எழுதப் போன கை நின்றது. பாட்டுக்கு உரை சொல்லியே பழகிய நாவாயிற்றே! "இது காலால போற பயணம் இல்லைங்க, உள்ளத்தோட யாத்திரை" என்று அரைமணி நேரம் விளக்கி, எழுபத்தைந்து மதிப்பெண் போட்டேன். எந்தச் சீட்டையும் எவருக்கும் பொருத்திவிடும் வித்தை கைவந்ததென்று அன்று மகிழ்ந்தேன். இன்று நினைக்கக் கூசுகிறது.

சொல்தா முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்தார்: "உள்ளத்துல போறதுன்னா போயிட்டு வரேம்மா. பிளேன்ல போறதுன்னா என்னால ஆவாது, கால மடக்கியே உக்காந்து இப்பத்தான் வந்து எறங்கியிருக்கேன்."

மலரும் உறவு

அடுத்த வீட்டு மதலேனம்மாள் கணவரை இழந்து நெடுங்காலமாயிற்று. மாதா கோயில் திருப்பலி தவறாதவள். அவளுக்கு வந்தது 'புதிய உறவு மலரும்'. "மோன் தியே! என் ஆண்டவரே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நான் உடனே, அது ஆன்மா இறைவனோடு கொள்ளும் உறவு என்று தொடங்கினேன். அவள் கேட்டால்தானே! சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அறுபத்தெட்டு வயசுல மலர்ந்தா, இத சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா வேணாமா டீச்சர்?"

நல்ல கை

சீட்டுக்கட்டில் என் மனத்துக்கு உகந்தது 'காத்திரு'. மூடிய கதவின் முன் ஒரு விளக்கு எரியும். கதவு திறக்கும் வேளையை உள்ளிருப்பவன் அறிவான், நீ அசையாதிரு என்பது பலன். வாயிலில் நின்றே வாழ்நாளைக் கழிக்கும் அடியவரின் உருக்கம்தான் நான் ஐம்பது ஆண்டுகளாக ஓதிவரும் பாடல்களின் சாரம். ஆகவே ஓர் எழுத்தையும் மாற்றாமல் நூற்றுக்கு நூறு போட்டிருந்தேன்.

மதலேனம்மாள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை, ஒருநாள் காலை கூடையை இறக்கிவைத்துவிட்டு என் வாசற்படியில் வந்து நின்றாள். "எனக்கும் ஒண்ணு பாருங்க டீச்சரம்மா" என்று கையை நீட்டினாள். விரல்களில் செதில் ஒட்டியிருந்தது. நானோ மீன் நுழையாத வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கட்டு முழுதும் வாடை ஏறிவிடுமே என்று நெஞ்சு சுருங்கியது. வாய் மட்டும், "நீ மனசுல நெனச்சுக்கோம்மா, ஒனக்காக நானே எடுத்துத் தரேன்" என்று இனிமையாகச் சொன்னது.

வந்தது 'காத்திரு'. என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. மகள் திருமணமாக இருக்கும் என்று நானே முடிவுகட்டி, காத்திருத்தலின் பெருமையைக் கண்ணீர் மல்கப் பேசினேன். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'முற்றும் பொருந்தியது' என்று குறிப்பேட்டில் எழுதினேன். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் சொன்னாள்: "என் கையால எடுத்திருந்தா சந்தேகமா இருந்திருக்கும். சாமி பாட்டு படிக்கிற கை எடுத்துது, அது போதும்."

கேட்காத கேள்வி

பதினைந்து நாள் அஞ்சலையைக் காணவில்லை. பிறகு வந்தபோது தலையில் கூடை இல்லை; கையில் கஞ்சித் தூக்கு இருந்தது. கதிர்காமத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மீன் கேட்டுக் காத்திருக்க வேண்டாம் என்று மதலேனம்மாளிடம் சொல்ல வந்தவள், என்னைக் கண்டு நின்றாள்.

"வூட்டுக்காரருக்குச் சக்கர வியாதி டீச்சரம்மா. கால்ல ஆணி குத்திப் புண்ணாயிடுச்சு. ஒடனே சேத்துடுன்னு டாக்டர் சொன்னாரு. சேக்கலாமா, வூட்லயே கட்டு கட்டிப் பாக்கலாமான்னுதான் அன்னிக்கி மனசுல கேட்டேன். காத்திருன்னு வந்துச்சா, காத்துனு இருந்தோம். புண்ணு வாட அடிக்க ஆரம்பிச்ச பொறவுதான் தூக்கினு ஓடனோம். ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. பாதம் நிக்குமான்னு இன்னும் சொல்லல."

என் முகம் மாறியதைக் கண்டு, எனக்குச் சினம் வந்துவிட்டதென்று அவள் நினைத்துக்கொண்டாள்: "கோச்சிக்காதீங்க டீச்சரம்மா, மனசுல கேட்டத நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கணும்."

ஓரக் குறிப்பு

அன்று பிற்பகலே எமிலியின் கடைக்குப் போய், 'காத்திரு' சீட்டை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேனா? இல்லை. "நடை கொஞ்சம் தொய்வா இருக்கும்மா" என்றேன். பொய் உரைக்காதே என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள், அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியிடமே பொய் உரைத்தேன். அவள் என் குறிப்பேட்டைப் புரட்டி முன்னே வைத்தாள்: "எத எடுத்தாலும் இத எடுக்காதேன்னு ஓரத்துல எழுதியிருக்கே, இது உங்க கையெழுத்துதானே டீச்சர்?"

மாசிலாமணி சொன்னது

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. கதிர்காமத்துக்குப் பேருந்து ஏறினேன். அஞ்சலையின் கணவர் மாசிலாமணி, காலில் பெரிய கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதம் தப்பியது என்று அன்று காலைதான் டாக்டர் சொன்னாராம். ஆனால் நெடுநாளைக்குப் படகில் கால் வைக்கக் கூடாதாம். அஞ்சலை மருந்து வாங்கப் போயிருந்தாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி என்னவென்று கேட்காததைச் சொன்னேன். காத்திருப்பதைப் பற்றிப் பேசியது அவளுக்காக இல்லை, என் பேச்சு எனக்கே இனித்ததால்தான் என்றும் சொன்னேன். கடைசியில், அவள் கையில் மீன் வாடை இருந்ததால்தான் நானே சீட்டை எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். தெய்வம் காட்டியதென்று அவர்கள் நம்பியது என் அருவருப்பை.

அவர் தம் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். திட்டவில்லை. பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு மெல்லச் சொன்னார்: "கையக் கழுவினு வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கழுவினு வந்திருப்பாளே டீச்சரம்மா."

எமிலியிடம் உண்மையைச் சொல்லி அந்த ஒன்றை எடுக்கச் செய்தபின் மிஞ்சிய நாற்பத்தேழு சீட்டுகளிலும் ஒற்றுப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. அன்பர்களே, அதற்கு மட்டும் நான் முழுப் பொறுப்பு.