ஓட்டு நாளில் நெல் திருப்பிய முதலாளியம்மா

எழுபத்தேழாம் வருஷம், மார்ச் மாதம். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு ரைஸ் மில்லில், நெல் ஊறவைக்கும் தொட்டி என் பொறுப்பு. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த வேலையும் போய்விட்டால் என்ன செய்வது என்று எப்போதும் பயம்.

புருஷன் இறந்த பிறகு மில்லை நடத்தி வந்த முதலாளியம்மாவுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும். மில் கொட்டகையிலேயே தங்கியிருந்த எங்களை எல்லாம் ஒருநாள் கூப்பிட்டார்.

"ஓட்டு அன்னைக்கு மில்லு லீவு. சம்பளம் புடிக்க மாட்டேன். ஊருக்குப் போய் போட்டுட்டு வாங்க."

அப்போது நாங்கள் கேள்விப்படாத சங்கதி அது. ஓட்டுப் போடப் போனால் அன்றைய கூலி போச்சு, அவ்வளவுதான். எனக்கோ சந்தேகம். யார் போகிறார்கள், யார் வேலைக்கு இருக்கிறார்கள் என்று ஆழம் பார்க்கிறாரோ? தொட்டி காலியாகக் கிடந்தால் என்னைத்தானே கேட்பார்? அந்தப் பயத்தில், முந்தின நாள் சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் தொட்டி நிறைய நெல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டேன்.

ஓட்டு நாள் காலையில் வந்து தொட்டியைப் பார்த்த முதலாளியம்மா திகைத்துப் போனார். ஊறிய நெல்லை அன்றே அவித்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாறிவிடும். அவித்ததைக் களத்தில் பரப்பி, திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரைக்கும்போது அரிசி உடைந்து நொய்யாகிவிடும்.

"யாருய்யா கொட்னது?"

"நான்தாம்மா. லீவு நெஜமான்னு தெரியாம..."

"ஏன், நான் என்ன பொய்யா சொன்னேன்?"

அவசர அவசரமாக அவித்துக் களத்தில் பரப்பினோம். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. களத்து வேலை செய்யும் அக்கா, "நாங்க இருந்துக்கறோம்மா. ஓட்டு எங்க ஓடிடப் போவுது?" என்றார்.

"அது சாயந்திரம் ஓடிடும்டி. நெல்லு இங்கியேதான் கெடக்கும். கெளம்புங்க."

"தப்பு என்னுது, நான் மட்டும் இருக்கறேம்மா" என்றேன் நான்.

"உன் ஓட்ட என் நெல்லா போடும்? பஸ்ஸுக்கு ஓடுய்யா!"

ஓட்டுப் போட்டுவிட்டு நான்தான் முதலில் திரும்பினேன். நாலரை மணி இருக்கும். முதலாளியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெயிலில் கொதித்த சிமெண்ட் களத்தில் வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார், தன்னந்தனியாக. விரலைப் பார்த்தேன். மை இல்லை.

"அம்மா, நீங்க போடலியா?"

"இத யாரு பாக்கறது?" என்றவர், நான் களத்தில் இறங்கியதும் ஓட்டமும் நடையுமாக, பூத் இருந்த பள்ளிக்கூடத்துப் பக்கம் போனார். பூத் மூடிவிடுமோ, என்னால் அவர் ஓட்டு வீணாகிவிடுமோ என்று ரோட்டையே பார்த்தபடி நெல்லைத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில், தூரத்திலிருந்தே விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார்.

"கடைசி ஆளு நான்தான்யா. பூத் ஆபீசரு கதவ சாத்த வந்துட்டாரு!"

சிரித்தார். ஆனால் நொண்டிக்கொண்டுதான் வந்தார். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. சம்பள நாளான சனிக்கிழமை எல்லோருக்கும் முழுச் சம்பளம், எனக்கும் சேர்த்துத்தான். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று ஓட்டு நாளில் சம்பளத்தோடு லீவு என்பது சட்டமாகவே வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் என் விரலில் மை வைக்கும்போது, சட்டம் சொல்லாமலே கொப்பளித்த அந்தக் கால்கள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.