டீச்சர் வீட்டுக் குட்டிகள்

எங்கள் நாய் செத்துப்போன பிறகு இரண்டு வருடம் நான் நாய்க்குட்டிகள் விற்றேன். இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு வெகு நாளாயிற்று. சொந்தக்காரர்களிடம் "கொஞ்ச நாள் குட்டிகளைப் பார்த்துக்கொண்டேன்" என்றுதான் சொல்லி வந்தேன்.

நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மந்தைவெளியில் தரைத்தளத்தில் வீடு. மகள் கல்யாணமாகி வெளிநாடு போன பிறகு வீட்டில் நான், என் கணவர், வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு லாப்ரடார், அவ்வளவுதான். பதின்மூன்று வயதில் அந்த நாய்க்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. கடைசிப் பத்து நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் இருவரும் மாறி மாறித் தரையில் அவள் பக்கத்திலேயே படுத்திருந்தோம். எல்லாம் முடிந்ததும் கணவர், "இனிமே வேணாம். இன்னொண்ணு சாகறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல" என்று சொல்லிவிட்டார். அவள் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினோம்.

பிரிக்காத தீனிப் பை இரண்டு மிச்சம் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கத் தி.நகரில் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனேன். பத்து வருடப் பழக்கம். கடைக்காரர் பைகளை வாங்கிக்கொண்டு, காபி வரவழைத்து, என் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நாய் போனதைக் கேட்டு உண்மையாகவே கண் கலங்கினார். அதன் பிறகுதான் ஒரு உதவி கேட்டார்.

"நாலு குட்டி வந்திருக்கு டீச்சர். கடைல கூண்டுல வச்சா டல்லாயிடுதுங்க. ஒரு பத்து நாள் உங்க வீட்ல இருக்கட்டுமே. உங்களுக்கும் மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

எங்கிருந்து வந்தன என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு ஆட்டோவில், காய்கறிக் கூடையில் வந்தன. நான்கும் மஞ்சள் லாப்ரடார். ஹாலில் செய்தித்தாள் விரித்து, பால்பவுடர் கலந்த கஞ்சி வைத்தேன். கிண்ணத்துக்குள்ளேயே காலை வைத்துக்கொண்டு குடித்தன. முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த கணவர், மூன்றாம் நாள் மத்தியானம் ஒன்றை வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்கினார். அந்தச் சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை. வீட்டில் மறுபடியும் நாய் வாசனை வந்தது. பத்தாவது நாள் அவை போய்விடும், வேறு குட்டிகள் வரும். வளர்க்கும் சந்தோஷம் எங்களோடு நின்றுவிடும். சாவு என்று ஒன்று வந்தால் அது வேறு யார் வீட்டிலோ. நாங்கள் அப்படி வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் எங்களுக்குப் பிடித்திருந்தது அதுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் குட்டி பார்க்க வந்தார். கடைக்காரரும் கூடவே வந்தார். குட்டியைக் கையில் எடுத்தவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்து, இதுதான் அம்மாவா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் ஆமாம் என்றார். எங்கள் நாய்க்குச் சின்ன வயதிலேயே கருத்தடை செய்திருந்தோம். அவள் ஒரு குட்டிகூட ஈன்றதில்லை. நான் மறுக்காமல் காபி போடுவதாக உள்ளே போய்விட்டேன்.

அடுத்த முறை ஒரு தம்பதி வந்தார்கள். கடைக்காரர் உடன் இல்லை. அதே கேள்வியைக் கேட்டார்கள். நானே ஆமாம் என்றேன். இப்போது எங்கே என்று கேட்டதற்கு, பிரசவத்தில் போய்விட்டாள் என்றேன். அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விலை பேசவே இல்லை.

கடைக்காரர் விளம்பரத்தில் "ரிட்டயர்டு டீச்சர் வீட்டில் வளர்ந்த குட்டிகள்" என்று போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். கடையில் கூண்டில் அடைத்த குட்டியை வாங்க இப்போது படித்தவர்கள் தயங்குகிறார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும், வீட்டில் ஒரு நல்ல மனுஷி வேண்டும். அந்த நல்ல மனுஷி நான். ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ஒரு கவரைக் கொடுப்பார். முதலில் வேண்டாம் என்றேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. நாற்பத்தைந்து நாள் ஆன குட்டி என்று சொல்லித்தான் விற்போம். வாயைத் திறந்து பார்த்தால் மூன்று நான்கு வாரக் குட்டிக்குப் போலப் பல் அப்போதுதான் ஊசிமுனையாக முளைத்திருக்கும். சிலது கஞ்சி குடிக்கத் தெரியாமல் என் விரலைத் தேடிச் சப்பும். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, மாதாமாதம் இத்தனை குட்டிகள் வரவேண்டுமென்றால் எங்கோ எத்தனை தாய்கள் இருக்கவேண்டும் என்று போட்டுப் பார்க்கத் தெரியாதா? போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாவது வருடம் திருவான்மியூரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்பவர். பெண்ணுக்கு ஒன்பது வயது இருக்கும். இருந்தவற்றில் ஆகச் சின்னக் குட்டியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். தாய் நாய் இறந்துவிட்டது என்ற கதையை நான் வழக்கம்போலச் சொன்னேன். அந்தப் பெண் படத்துக்கு நேரே போய் நின்று பார்த்தாள். பிறகு அம்மாவின் போனை வாங்கி அதைப் படம் பிடித்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"அதுக்கு அம்மா ஞாபகம் வந்து அழுதா காட்டலாம்ல ஆன்ட்டி."

ஒன்பது நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். குட்டிக்குப் பார்வோ வைரஸ் வந்து, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. சண்டைக்கு வரப் போகிறார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் மகளோடு வந்தார். கையில் ஒரு பையில் ஆப்பிள் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்திருந்தார்கள். தாயையும் இழந்து, இப்போது அதன் குட்டியும் போய்விட்டதே என்று எனக்கு ஆறுதல் சொல்ல.

பெண் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "சாரி ஆன்ட்டி. நான் சரியா பாத்துக்கல."

உன்மேல் தப்பில்லை என்று சொன்னேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை.

மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் வருத்தப்பட்டார். பார்வோ எங்கேயும் வரும், வேறு குட்டி தந்துவிடலாம் என்றார். ஓடாத மிக்சியை மாற்றிக் கொடுப்பது போல அவருக்கு அது சுலபமாக இருந்தது. குட்டிகளின் தாயைப் பார்க்கவேண்டும் என்றேன். சிரித்து மழுப்பினார். மூன்று முறை கேட்டும் பயனில்லை. கடைசியில் கூடைகளை ஏற்றி வரும் ஆட்டோக்காரரிடமே கேட்டேன். அவருக்கு இதில் மறைக்க ஒன்றும் தெரியவில்லை. பெரும்பாக்கம் தாண்டி, பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் பின்னால் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகை. உள்ளே போவதற்கு முன்பே மூத்திர நெடி கண்ணில் எரிந்தது. ஒரு பெண் பிளாஸ்டிக் வாளியோடு வெளியே வந்தாள். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும்.

"இன்னாமா வோணும்? ஓனர் இல்ல."

குட்டிகளோட அம்மாவைப் பார்க்கவேண்டும் என்றேன்.

"எந்த அம்மா? பதினொண்ணு கீது."

உள்ளே இரண்டு வரிசையாகக் கூண்டுகள். தரைக்குப் பதில் கம்பிவலை. அதன்மேலேயே நின்று நின்று நாய்களின் பாதம் விரிந்து, நகம் வளைந்து வளர்ந்திருந்தது. முலைகள் தொங்கிப்போய்ப் புண்ணாகியிருந்தன. அவை குரைக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுகூடக் குரைக்கவில்லை. எல்லாம் எழுந்து கம்பியோரம் வந்து வாலை ஆட்டின. அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. கடைசிக் கூண்டில் ஒரு மஞ்சள் லாப்ரடார் எழுந்திருக்க முயன்று, முடியாமல் வாலை மட்டும் அசைத்தது.

"மஞ்சக் குட்டிங்க நெறைய இதோடதுதான்" என்றாள் அந்தப் பெண். "கண்ணு தெறந்து கொஞ்ச நாள்ல தூக்கினு பூடுவாங்க. ரெண்டு நாள் கூண்டச் சுத்திச் சுத்தித் தேடும். அப்பால உட்ரும்."

நான் யார் என்று கேட்டாள். மந்தைவெளியிலிருந்து வருகிறேன், டீச்சர் என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீதானா அது? குட்டிங்கல்லாம் டீச்சர் வூட்டுக்குப் போதுன்னு ஓனர் சொல்வாரு. ஒவ்வொரு தபா தூக்கும்போதும் அதான் நெனச்சிக்குவேன், நல்ல எடமா போய்க்கினு கீதுங்கன்னு." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாம் உங்கிட்டதான் கீதா?"

நான் விற்றுவிடுவேன் என்றேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவள் அவள் என்று அன்று பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் குடிசைகளை அரசாங்கத்தில் இடித்துவிட்டுப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். முன்பு அடையாறில் நான்கு வீடுகளில் வேலை செய்தாள். பெரும்பாக்கத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்துப் போய்ச் சேர முடியாமல் ஒவ்வொரு வீடாக நின்றுபோயிற்று. கிடைத்தது இந்த வேலைதான்.

இரண்டு காரியம் செய்தேன். திருவான்மியூருக்குப் போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். வாசல் கதவைப் பிடித்தபடியே நின்று கேட்டார். உள்ளே கூப்பிடவில்லை. "இத ஏன் இப்ப எங்கிட்ட வந்து சொல்றீங்க?" என்று கேட்டார். சொல்லிவிட்டால் எனக்கு லேசாகும் என்று போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. மகளிடம் எதுவும் சொல்லவேண்டாம், அவள் இன்னும் அந்தப் படத்தை வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்னொன்று, கொட்டகையைப் பற்றி விலங்கு நல வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். அதிகாரிகள் பல வாரம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். கொட்டகை காலியாக இருந்தது. விஷயம் முன்னாலேயே தெரிந்து ஓனரின் ஆட்கள் நாய்களை வேனில் ஏற்றிவிட்டிருந்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைக்காரர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் ரோட்டில் எதிரே வந்தபோது நின்று, "நீங்களும்தானே டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கடை நன்றாகவே நடக்கிறது. இப்போது அடையாறில் யாரோ டாக்டர் வீட்டில் குட்டிகள் வளர்வதாக விளம்பரத்தில் பார்த்தேன்.

கொட்டகையில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு வேலை போயிருக்கும் என்று எனக்கு உறுத்தியது. ஆட்டோக்காரரிடம் விசாரித்துக்கொண்டு அவள் குடியிருப்புக்குப் போனேன். ஆறாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். வீட்டு வாசல் நடையில் கோணிமேல் அந்த மஞ்சள் நாய் படுத்திருந்தது.

இனி இது குட்டி போடாது, எங்கேயாவது ரோட்டோரம் விட்டுவிடு என்று வேனில் ஏற்றாமல் விட்டுப்போனார்களாம். அவள் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறியிருக்கிறாள். நாய்க்கு உடம்பெல்லாம் அனலாய்க் கொதித்தது. நான் எடுத்துக்கொண்டு போகிறேன், கடைசிவரை நானே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"வேணாம்மா."

ஏன் என்றேன்.

"நீ கெட்டவன்னு சொல்லல. ஆனா உன் வூட்டுக்குப் போன எதுவும் உன் வூட்ல இல்லியே."

நான் வற்புறுத்தவில்லை. வைத்தியம் மட்டும் செய்ய விட்டாள். ஒரு டாக்டரை அழைத்துப் போனேன். கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. மாதம் இரண்டு முறை மருந்தும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுப்பேன். கணவரைக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டார். சிமென்ட் தரையில் நடக்க அந்த நாய்க்குக் கடைசிவரை வரவில்லை. வலைமேல் நடப்பது போலவே காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் ரப்பர் பந்து உருட்டினால், தட்டுத்தடுமாறிப் போய் எடுத்து வந்து கோணியில் வைத்து, அதைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். திருப்பிக் கொடுக்காது. நக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் யாரும் அதைத் தொந்தரவு செய்ய அவள் விடமாட்டாள்.

ஏழு மாதம் இருந்தது. அவளுக்கு அதற்குள் பக்கத்திலேயே ஒரு பெரிய அபார்ட்மென்டில் பெருக்கும் வேலை கிடைத்திருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது நாய் செத்திருந்தது. எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் போன் செய்தாள். உடனே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஆறு மாடி ஏறுவ. பாவம்" என்றாள்.

கோபத்தில் சொன்னாளா, பரிவில் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் நான் அவ்வப்போது போன் செய்வேன். வேலையில்லாத நேரமானால் எடுப்பாள். தண்ணீர் வந்ததா, லிஃப்டைச் சரி செய்தார்களா, முட்டிவலி எப்படி இருக்கிறது என்று பேசுவோம். நாயைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.